வாகையடி முனியின் காவல்காரர்

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கைவிடப்பட்ட மேட்டு மலையில் குடியிருக்கும் வாகையடி முனிக்கு வயது இரண்டுகூட ஆகவில்லை. எந்தக் காலத்துச் சாமி என்று வெளியாளாகப் போய்த் தொழிலாளர் லயத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள், "வெள்ளைக்காரன் காலத்துலயே இருந்துச்சு" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள். அவ்வளவும் சுத்தப் பொய். அந்தக் கல்லை ஓடையிலிருந்து தோளில் தூக்கிவந்து, குங்குமத்தை அப்பி, சிவப்புத் துணியைச் சுற்றி, வாகை மரத்தடியில் நட்டுவைத்தவர் அழகுமுத்து. எதற்காக நட்டார் என்பது அப்போது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். மற்றவன் விஜிதரன்.

அழகுமுத்து அதே தோட்டத்தில் வாச்சராக இருந்தவர். விறகு வெட்டுகிறவர்கள், கொழுந்து களவெடுக்கிறவர்கள், மாட்டைத் தேயிலைக்குள் விடுகிறவர்கள் என்று ஒருவரும் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. ஒரு மழை நாளில் தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவருடைய டார்ச் லைட்டும் தடியும் வேறொருவர் கையில் இருந்தன. இலேசான வேலை தருகிறோம் என்றார் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. அந்த இலேசான வேலை இன்றுவரைக்கும் வந்து சேரவில்லை. மனைவி யோகேஸ்வரி விடியற்காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட, இவர் லயத்தில் சோறு வடித்து, கோழிக்குத் தீனி போட்டு, பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பீலியில் பெண்கள் இவருக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது மனிதருக்கு உயிர் போய் உயிர் வரும்.

விஜிதரன் அப்போதுதான் வந்தான். அதே லயத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பையன், இப்போது லொறி வைத்து லீக்ஸும் கரட்டும் ஏற்றுகிறான்.

"அண்ணே, மேட்டு மலையில கொஞ்சம் செடி போட்டிருக்கேன். பாத்துக்க ஒரு ஆளு வேணும்," என்றான்.

"என்னா செடி?"

"மருந்துச் செடிண்ணே." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அழகுமுத்துவுக்குப் புரியாமல் இல்லை. கோபமாக எழுந்துபோயிருக்கலாம். போகவில்லை. காவல் காக்க ஓர் இடம் கிடைத்ததே என்ற சந்தோஷம்தான் அவருக்கு முதலில் வந்தது, வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மேட்டு மலையில் கிளை கழிக்கும் கவ்வாத்து வெட்டியே பல வருஷம். இடுப்பளவுக்கு நிற்கவேண்டிய தேயிலை மரமாகி, மேலே கூரை போட்டதுபோல் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் காடு. உள்ளே குனிந்து போனால், தேயிலையை அங்கங்கே வெட்டி எடுத்த பொட்டல்களில் கஞ்சாச் செடி. மேலே டிரோன் பறந்தாலும் தெரியாதபடி கிளைகளை வளைத்துக் கட்டியிருந்தான் விஜிதரன். ஆனால் வாசத்தை எப்படிக் கட்டுவது? சாயங்காலக் காற்றுக்கு அது லயம்வரைக்கும் வந்தது. அதோடு விறகுக்குப் போகும் பெண்கள். அவர்களுடைய பழைய தடம் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. தடியை ஓங்கி விரட்டினால், "அப்படி என்னாதான் இருக்கு உள்ள?" என்று மறுநாள் தோட்டமே வந்துவிடும்.

யோசித்து யோசித்துத்தான் கல்லை நட்டார். தினமும் சாம்பிராணி போட்டார். செடியின் வாசம் அதில் அமுங்கிப் போனது. பிறகு ஒரு காலையில் பீலியடியில் ஒரேயொரு பெண்ணிடம், அதுவும் குரலைத் தாழ்த்தி, "மேட்டு மலைப் பக்கம் போகாதீங்கம்மா, வாகையடியில முனி எறங்கியிருக்கு. பொம்பள நெழல் பட்டாலே ஆகாதாம்," என்று சொல்லி வைத்தார். மத்தியானக் கொழுந்து நிறுக்கும்போது அது எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள் முனியை இரண்டு பேர் நேரிலும் பார்த்துவிட்டார்கள். அதன்பிறகு ஒரு குருவிகூட அந்தப் பக்கம் போகவில்லை. விஜிதரன் வாயைப் பிளந்தான். இத்தனை காலம் வாச்சராக இருந்ததில் கிடைக்காத மரியாதை, இந்தக் கல்லை நட்டதில் கிடைத்துவிட்டதாக அழகுமுத்து நினைத்துக்கொண்டார்.

வந்தது வினை, ஒரு மாசிப் பனியில். வெளியாட்கள் யாரோ மேல்காட்டு வழியாக இறங்கி, ஓரத்துப் பொட்டல் ஒன்றைச் சுத்தமாக வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கு முனியும் தெரியாது, சனியும் தெரியாது. மறுநாள் விஜிதரன் சாக்கில் சுற்றி ஒரு பொருளைக் கொண்டுவந்தான். நாட்டுத் துவக்கு. அதை ஒரு கட்டையில் வைத்து இறுக்கி, விசையிலிருந்து மெல்லிய கம்பியைத் தடத்துக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டால் போதும். கால் பட்டால் அதுவே வெடிக்கும். காட்டுப்பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கு.

"வேணாம்டா," என்றார் அழகுமுத்து. "மனுசன் மாட்டுனா?"

"கல்லுக்கு அந்தாண்ட யாருண்ணே வருவா? நீங்கதானே சொல்வீங்க, முனியத் தாண்டி ஒரு பய வரமாட்டான்னு. களவாணிப் பய வந்தா வாங்கிக்கட்டும். அறுக்கிற வரைக்கும் ராவும் பகலும் இருக்கட்டும்."

அவருடைய வார்த்தையையே எடுத்து அவர் முன்னால் வைத்தான். அழகுமுத்து தன் கையாலேயே கட்டினார். கம்பியின் ஒரு முனை வாகை மரத்தின் வேரில், மறுமுனை எதிர்ப் பக்கத்து மண்திட்டில் ஊன்றியிருந்த கட்டையில். கல்லுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு ஆபத்தில்லை. கல்லைத் தாண்டிப் பின்னால் போகிறவருக்குத்தான் ஆபத்து. அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு மாலை யோகேஸ்வரி ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார்: "ஏங்க, அந்த வாகையடி முனி ரொம்பத் துடியான சாமியாமே?"

அவர்களுடைய ஒரே மகள் ரூபிகா. அதே தோட்டத்தில், பக்கத்து லயத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வயிற்றில் தங்கியது இரண்டு தடவை கலைந்துபோயிருந்தது. யோகேஸ்வரி ஏறாத கோயில் இல்லை, கட்டாத மஞ்சள் துணி இல்லை.

"பொம்பளைங்க அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது!" என்று அழகுமுத்து கத்தினார். வீட்டில் அப்படிக் குரலை உயர்த்துகிற ஆளில்லை அவர். யோகேஸ்வரி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. முடிந்தது என்று அழகுமுத்து நம்பினார்.

அந்த நம்பிக்கைதான் அவர் செய்த தப்பு. பயம் காட்டினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். லயத்து ஆட்களை இத்தனை வருஷம் காவல் காத்தும் அவருக்கு அவர்களைத் தெரியவில்லை. இந்த ஜனங்கள் பயந்த இடத்தைவிட்டு ஓடுவார்கள், உண்மைதான். ஆனால் வேறு கதியில்லாமல் போகும்போது அந்த இடத்துக்கே திரும்பிவந்து விளக்கேற்றுவார்கள். துடியான சாமியிடம்தானே கேட்கமுடியும்? யோகேஸ்வரி தூரத்தில் நின்றே, தேயிலை நிரையிலிருந்து மேட்டு மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பிள்ளை தங்கிவிட்டால் பொங்கல் வைத்து, சேவல் விட்டு, மகளை அழைத்துவந்து சாமியைச் சுற்றிக் கும்பிடுகிறேன் என்று.

ரூபிகாவுக்குத் தங்கிவிட்டது. அபாயமான மாதங்களும் தாண்டிவிட்டன.

அந்த வெள்ளிக்கிழமை அழகுமுத்து ராகலைக்குப் போயிருந்தார். அறுவடைக்குச் சாக்கும் கயிறும் வாங்கவேண்டியிருந்தது. அந்தக் கம்பியை விட்டுத் தூரமாகப் போனால் அவர் அதிகநேரம் நிற்பதில்லை. அன்றும் அப்படித்தான். சாமானைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். லயத்துக்கு வந்தால் வீட்டுக் கதவில் பூட்டு. கூண்டில் கறுப்புச் சேவல் இல்லை.

பக்கத்து வீட்டு வினோதா கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க உன் அத்த?" என்றார்.

வினோதா நெளிந்தாள். "மாமா, ஏசக்கூடாது."

"என்னா?"

"அரைநாளோட வேல விட்டுட்டாங்க. அத்தையும் ரூபிகாவும் இன்னும் கொஞ்சப் பேரும் முனிக்குப் பொங்க வைக்கப் போயிருக்காங்க. சின்னத்தம்பி கங்காணியும் கூடப் போனாரு. நீங்கதானே பொம்பளைங்க போகக்கூடாதுன்னு சத்தம் போட்டீங்க, அதான் ஒங்ககிட்ட சொல்லல. கங்காணி குறி கேட்டு, சுத்தபத்தமா போனா முனி ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டாரு..."

மீதியை அழகுமுத்து கேட்கவில்லை. பொங்கல் வைத்தால் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்களா? சாமியைச் சுற்றாமல் யாராவது வருவார்களா? கல்லையும் மரத்தையும் சேர்த்து வலம் வருவார்கள். வேண்டுதல் யாருக்கோ அவள் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் போவாள். ரூபிகா.

சாக்குக் கட்டு வாசலிலேயே விழுந்தது. போனை எடுத்து யோகேஸ்வரிக்கு அடித்தார். பூட்டிய வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. ரூபிகாவின் போன் தொடர்பில் இல்லை என்றது. மேட்டு மலையில் எந்தக் காலத்தில் தொடர்பு இருந்திருக்கிறது.

ஓடினார். இடுப்பு ஒடிந்த மனிதர் ஓடுவதை அன்றைக்குத்தான் லயத்து ஆட்கள் பார்த்தார்கள். ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை என்று தேயிலைக்குள் நேராக விழுந்து ஏறினார். கிளை வாது கிழித்தது, கான் வழுக்கியது, ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. இடுப்பில் கத்தி செருகியதுபோல் வலித்தது. கூப்பிட்டால் கேட்குமா? கத்தினால் என்ன சொல்லிக் கத்துவது? துவக்கு என்று சொன்னால் போலீஸ், ஜெயில், தலைகுனிவு. சொல்லாவிட்டால்? அந்த நினைப்பு வந்த இடத்தில் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. மகள் வயிற்றுப்பிள்ளையோடு கம்பியை நோக்கி நடக்கிறாள், இவர் ஜெயிலைப் பற்றி யோசிக்கிறார்.

மேலே புகை தெரிந்தது. குலவைச் சத்தம் கேட்டது. பொங்கல் பொங்கிவிட்டது என்று அர்த்தம். இனி கற்பூரம், அடுத்தது சுற்று.

"சுத்தாதீங்க! சாமியச் சுத்தாதீங்க!"

அவர் வாகையடிக்குக் கீழே வந்து விழுந்தபோது ரூபிகா தட்டைக் கையில் ஏந்தியிருந்தாள். தட்டில் விளக்கு. பின்னால் யோகேஸ்வரி, அதற்குப் பின்னால் பெண்கள். ரூபிகா கல்லின் வலப்பக்கம் இரண்டு எட்டு எடுத்து வைத்திருந்தாள். சத்தம் கேட்டு நின்றாள்.

தலை கலைந்து, சட்டை கிழிந்து, ஒற்றைச் செருப்போடு, உடம்பெல்லாம் நடுங்க நின்ற அழகுமுத்துவைப் பார்த்ததும் சின்னத்தம்பி கங்காணி கையைத் தலைக்குமேல் கூப்பினார்.

"ஆளு மேல எறங்கிருச்சு! முனி வந்துருச்சும்மா! கொலவ போடுங்க!"

பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி அவர் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

"இல்ல! முனியில்ல! நான்தான்!" என்று அலறினார் அழகுமுத்து.

"நான்தான்னு சொல்லுது பாரு," என்றார் கங்காணி பரவசமாக. "என்னா கொற வச்சோம் சாமி? புள்ள சுத்தி வரணுமா, வேணாமா? சொல்லு!"

"சுத்தக்கூடாது! பின்னால போகக்கூடாது!"

"பொம்பள நெழல் படக்கூடாதுன்னு சாமி கோவிக்குது," என்று யாரோ அழ ஆரம்பித்தார்கள். யோகேஸ்வரிக்கு முகம் வெளுத்துவிட்டது. கோபித்த சாமியைச் சமாதானம் பண்ணத்தானே வேண்டும். அவர் மகளின் முதுகைத் தொட்டு, "சுத்திட்டு வந்து கால்ல விழும்மா, சாமி மன்னிக்கும். வேண்டுனத செய்யாம விடக்கூடாது. போ," என்றார். ரூபிகா கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு எட்டு வைத்தாள்.

அழகுமுத்து பாய்ந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தார். தட்டு விழுந்து விளக்கு அணைந்தது. விளக்கு அணைவதைவிடப் பெரிய அபசகுனம் அந்த இடத்தில் வேறில்லை.

"கேளுங்க," என்றார். "முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் கல்ல ஓடையில இருந்து தூக்கியாந்து வச்சது நான். உள்ள விஜிதரனோட கஞ்சாச் செடி இருக்கு. அதுக்கு நான் காவலு. யாரும் வரக்கூடாதுன்னுதான் கல்ல வச்சேன். பின்னால துவக்கு கட்டியிருக்கேன். கால் பட்டா வெடிக்கும்."

ஒருவரும் நம்பவில்லை. கங்காணி, "சாமி பரிகாசம் பண்ணுது," என்றார் தயக்கத்தோடு.

அழகுமுத்து அடுப்பிலிருந்து ஒரு விறகுக் கட்டையை உருவினார். நுனியில் நெருப்பு இருந்தது. எல்லாரையும் கீழே விலக்கிவிட்டு, கல்லுக்குப் பின்னால் கம்பிமேல் படும்படி அதை வீசினார்.

வெடித்த சத்தம் மலை மலையாகப் போய்த் திரும்பிவந்தது. வாகையின் பின்பக்கச் சரிவில் மண் சிதறியது, பன்னச் செடிகள் அறுந்து தொங்கின. பன்றிக்குக் கட்டிய துவக்கு. ஆனால் ஏற்றமான இடம், குண்டு போன உயரம் பன்றியின் உயரமில்லை. ரூபிகா அந்த அறுந்த செடிகளைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கையும் தானாக வயிற்றுக்குப் போயின. கறுப்புச் சேவல் கட்டை அறுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடிற்று. அதை யாரும் பிடிக்கப் போகவில்லை.

பிறகு யோகேஸ்வரி கேட்டார். கோபமில்லை, அழுகையில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார்.

"அப்ப நான் இத்தன நாளா யார்கிட்டங்க அழுதேன்?"

அழகுமுத்து பொங்கல் பானையின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வெடிச்சத்தம் கேட்டு முதலில் கண்டாக்கு வந்தார், பொழுது சாய்வதற்குள் போலீஸ் ஜீப்பும் வந்தது. அழகுமுத்து எதையும் மறைக்கவில்லை. விஜிதரனின் பெயரையும் சொன்னார், துவக்குக் கட்டியது தன்னுடைய கைதான் என்பதையும் சொன்னார். செடியைப் பிடுங்கி எரித்தார்கள். விஜிதரனை லொறியோடு எங்கேயோ மடக்கியதாகப் பிறகு கேள்வி. அழகுமுத்து ரிமாண்டில் இருந்துவிட்டுப் பிணையில் வந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். வழக்கு இன்னும் நடக்கிறது.

வந்தவருக்கு இரண்டு அதிசயம் காத்திருந்தது. ஒன்று, கல் அப்படியே இருந்தது. ஓடையில் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தார். போய்ப் பார்த்தால் கல்லுக்குத் தகரக் கூரை போட்டு, மணியும் கட்டியிருந்தார்கள். "நீங்க வச்ச கல்லுதான் மாமா, யாரு இல்லேன்னா," என்றாள் வினோதா. "ஆனா அன்னைக்கு ஒங்கள ராகலையில இருந்து இழுத்துக்கிட்டு வந்தது யாரு? ஒங்க இடுப்புக்கு நீங்களா ஓடுனீங்க?"

இரண்டாவது, யோகேஸ்வரி சண்டை போடவில்லை. தட்டில் சோறு வைத்தார், துணி துவைத்தார், கோர்ட்டுக்குப் போகும் நாளில் சட்டையை மடித்து வைத்தார். பேச்சுத்தான் இல்லை. ஏசினால் தேவலை என்றிருந்தது அழகுமுத்துவுக்கு.

பேத்திக்குப் பேர் வைத்தபிறகு ஒரு வெள்ளிக்கிழமை, விட்டுப்போன வேண்டுதலை முடிக்க எல்லாரும் வாகையடிக்குப் போனார்கள். வரமாட்டேன் என்றவரை, "நீங்க வரணும்," என்று யோகேஸ்வரி அழைத்துக்கொண்டு போனார். பொங்கல் பொங்கியது. கற்பூரம் காட்டியாயிற்று. சுற்றுவதற்கு எல்லாரும் வரிசையில் நின்றபோது அழகுமுத்து மட்டும் தள்ளி நின்றார். கல்லுக்குப் பின்னால் இருக்கிற நிலத்தை அவருடைய கண் பார்க்க மறுத்தது.

"நான் இங்கனயே நிக்கிறேன்," என்றார்.

"இல்ல," என்றார் யோகேஸ்வரி. பேத்தி அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "நீங்கதான் மொதல்ல போகணும். ஒரு சுத்து போயிட்டு வாங்க. அதுக்குப் பொறவுதான் புள்ளையத் தூக்கிக்கிட்டு நாங்க வருவோம்."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரூபிகா அம்மாவின் கையைத் தொட்டாள். யோகேஸ்வரி அசையவில்லை.

அழகுமுத்து நடந்தார். கம்பியை அவிழ்த்து எடுத்துப் போலீஸிடம் கொடுத்ததே அவர்தான். அங்கே ஒன்றுமில்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. இருந்தாலும் ஒவ்வொரு எட்டுக்கும் மண்ணைக் காலால் தடவித் தடவித்தான் வைத்தார். வாகை வேரில் கம்பி அறுத்த தழும்பு இன்னும் இருந்தது. அதைத் தாண்டும்போது காலை உயரத் தூக்கி வைத்தார். சுற்றி வந்து மனைவியின் முன்னால் நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றார். "வாங்க."

யோகேஸ்வரி பேத்தியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு சுத்து போங்க," என்றார்.

அழகுமுத்து மறுபடியும் நடந்தார்.